க்ரோம் தண்ணீரில் சுண்ணாம்பைக் கொட்டாதீர்கள்: டிரம்மிலிருந்து மீண்டும் டிரம்முக்கு

கேட்கப்பட்டது இது. பேரணாம்பட்டுப் பக்கம், வி.கோட்டா சாலையில், நாளுக்கு 2 டன் தோலை வெட் ப்ளூவாக்கும் (க்ரோமில் பதனிட்ட நீலநிற ஈரத்தோல்) ஒரு சிறிய தோல் ஷாப்பு. க்ரோம் கழிவு நீரில் சுண்ணாம்பு போட்டு, அடியில் தங்கும் வண்டலை மூட்டை கட்டி அடுக்கி வைத்திருக்கிறார்கள். அந்த வண்டலில் ஆசிட் ஊற்றி க்ரோமை எடுக்கப் பார்த்தபோது எல்லாம் கஞ்சியாகிவிட்டது. பிறகு தண்ணீரில் மெக்னீசியா (மெக்னீசியம் ஆக்சைடு) போட்டு எடுத்த க்ரோமைத் தோல் பதனிடும் சுழல் டிரம்மில் விட்டால் தோலில் கறை. சாமிங் (தோலைப் பிழியும்) மிஷின் நீரும் ரீடேனிங் (மறுபதனிடல்) நீரும் ஒரே வாய்க்காலில்தான் போகின்றன. இதை ஒழுங்காகச் செய்ய வழி உண்டா, 2 டன்னுக்குக் கட்டுப்படியாகுமா?

வழி உண்டு, கட்டுப்படியும் ஆகும். க்ரோமை மீட்பது தொட்டியில் நடக்கும் வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். டிரம்முக்கு அடியில் ஓடும் வாய்க்காலிலேயே அது பாதிக்கு மேல் முடிவாகிவிடுகிறது. க்ரோம் தண்ணீர் வேறு எந்தத் தண்ணீரோடும் சேராமல் தனியாக வந்தால் அது சரக்கு, சேர்ந்துவிட்டால் கழிவு. உங்கள் கறைக்கும் பெரும்பாலும் அதுதான் காரணம்.

முதலில் கணக்கு. தோல் எடையில் 8 சதவீதம் க்ரோம் பவுடர் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 2 டன்னுக்கு 160 கிலோ. சாதாரண 33 பேசிசிட்டி (காரத்தன்மை அளவு) பவுடரில் க்ரோமிக் ஆக்சைடு 25 சதவீதம். ஆக, டிரம்முக்குள் போவது 40 கிலோ க்ரோமிக் ஆக்சைடு. வழக்கமான முறையில் தோல் பிடித்துக்கொள்வது 65 முதல் 70 சதவீதம்தான். மீதி 12 கிலோவுக்கு மேல் தண்ணீரில் நிற்கிறது. அதில் கொஞ்சம் ஈரத்தோடு தோலிலேயே ஒட்டிப் போகும். டிரம் வடிப்பு, அடுக்கில் சொட்டும் நீர், சாமிங் மிஷினில் பிழியும் நீர் ஆகிய மூன்றையும் பிடித்தால் 10 கிலோ கைக்கு வரும். அது 40 கிலோ க்ரோம் பவுடருக்குச் சமம். நாள்தோறும் ஒன்றரை மூட்டைக்கு மேல் பவுடரை வாய்க்காலில் விடுகிறீர்கள் என்று பொருள்.

அதையே சுண்ணாம்பில் இறக்கினால் என்ன ஆகிறது? க்ரோம் ஹைட்ராக்சைடு ஒரு 13 கிலோ, கூடவே தண்ணீரில் உள்ள சல்பேட்டும் சுண்ணாம்பும் சேர்ந்து உண்டாகும் ஜிப்சம், கரையாத சுண்ணாம்புக் கல். உலர் எடையில் 30 கிலோ என்று வைத்தாலும், பாத்தியில் வடிந்த பிறகு ஈரத்தோடு 100 கிலோ நிற்கும். 300 நாள் ஓட்டினால் 30 டன். உங்கள் மூட்டைகள் அப்படித்தான் பெருகின. அதில் சல்ஃப்யூரிக் அமிலம் ஊற்றியபோது கஞ்சியானதும் இதனால்தான். அமிலம் முதலில் மீந்திருக்கும் சுண்ணாம்பைத் தின்கிறது, தின்றதெல்லாம் மறுபடி ஜிப்சமாக நிற்கிறது. க்ரோம் கரைந்தாலும் அந்தக் கஞ்சிக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும், வடிகட்ட வராது. அந்தப் பழைய மூட்டைகளிலிருந்து உங்கள் ஷாப்பில் க்ரோம் எடுக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். அவற்றை என்ன செய்வது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

மீட்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. தோல் அதிகமாகப் பிடித்துக்கொள்ளும்படி செய்வதுதான் அது. தண்ணீருக்குள் போகாத க்ரோமை மீட்க வேண்டியதே இல்லை. க்ரோம் தோலின் நாரில் உள்ள கார்பாக்சில் முனைகளில்தான் பிடிக்கிறது. பி.ஹெச். ஏற ஏற அந்த முனைகள் திறக்கின்றன, சூடு ஏற ஏற பிணைப்பு வேகமாகிறது. அதனால் முடிவில் டிரம்முக்குள் சூடு 38 முதல் 40 டிகிரியும், பி.ஹெச். 3.8 முதல் 4.0 வரையும் இருக்க வேண்டும். வெட்டுமுகத்தில் க்ரோம் முழுக்க ஊடுருவியதைப் பார்த்த பிறகே பி.ஹெச். ஏற்றும் பைகார்பனேட். ஒரு பங்குக்கு இருபது பங்கு தண்ணீரில் கரைத்து, மூன்று நான்கு தவணையாக, தவணைக்கு 20 முதல் 30 நிமிடம் இடைவெளி விட்டு ஊற்றுங்கள். ஒரே மூச்சில் கொட்டினால் க்ரோம் மேல்தோலிலேயே இறங்கித் திட்டாகும். ஃப்ளோட், அதாவது டிரம்முக்குள் நிற்கும் தண்ணீர், குறைய வேண்டும். பிக்கிள் தண்ணீரில் (பதனிடும் முன் தோல் ஊறும் உப்பும் அமிலமும் கலந்த நீர்) பாதியை வடித்துவிட்டு, தோல் எடையில் 50 சதவீதத் தண்ணீரில் ஓட்டினாலே பிடிப்பு கூடும். இவற்றோடு பிடிப்பைக் கூட்டும் துணைப்பொருள்களும் சேர்ந்தால் 85 சதவீதத்துக்கு மேல் எட்டலாம். சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் தண்ணீரே இல்லாமல் க்ரோம் பதனிடும் முறையைக் கொண்டுவந்திருக்கிறது. அதில் பிக்கிளும் பைகார்பனேட்டும் தேவையில்லை, க்ரோம் தண்ணீர் என்று ஒன்று மிஞ்சுவதும் இல்லை. புதிதாக டிரம் வாங்கப்போகிறவர்கள் முதலில் அதைக் கேட்டுப் பார்ப்பது நல்லது. இப்போதுள்ள டிரம்மிலேயே பழைய முறையில் ஓட்டுகிறவர்களுக்கு இனிச் சொல்வது பொருந்தும்.

வாய்க்கால் விஷயத்துக்கு வருகிறேன். இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது, அதனால் விரிவாகச் சொல்கிறேன். தோலின் மயிரை நீக்கும் சுண்ணாம்புக் குழியிலிருந்து வரும் தண்ணீரில் சோடியம் சல்ஃபைடு இருக்கிறது. பி.ஹெச். 12 பக்கம் இருக்கும்வரை அது தண்ணீருக்குள் அடங்கிக் கிடக்கும். பி.ஹெச். 4 உள்ள க்ரோம் தண்ணீரோ பிக்கிள் தண்ணீரோ அதில் கலந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் ஓடிவிடலாம் என்று நம்பாதீர்கள். வாயு அடர்ந்தால் மூக்கு மரத்துப்போகும், நாற்றம் நின்றுவிட்டதுபோல் தோன்றும், அடுத்த சில மூச்சில் ஆள் விழுந்துவிடுவார். காப்பாற்ற இறங்குகிறவரும் விழுவார். ஆகவே சுண்ணாம்புப் பிரிவு வாய்க்காலும் க்ரோம் வாய்க்காலும் எங்கேயும் தொடக்கூடாது, மழை நாளில் நிரம்பி வழிந்தாலும் தொடாதபடி மட்டம் வைக்க வேண்டும். க்ரோம் தொட்டிக்குள் சுத்தம் செய்ய ஆள் இறங்கவே கூடாது. கூம்பு அடியும் அடியில் வால்வும் வைத்தால் இறங்க வேண்டிய தேவையே வராது. சேமிப்புத் தொட்டியின் சுவர் பலத்திலும் கவனம் வேண்டும். 2015 ஜனவரி கடைசி நாளில் ராணிப்பேட்டையில் பொது சுத்திகரிப்பு நிலையத்தின் வண்டல் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்துத் தோல் ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் இறந்தார்கள். வண்டலைக் குறைப்பது செலவுக் கணக்கு மட்டும் இல்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

டிரம் வடிப்பைத் திருப்பிவிட டிரம்முக்குக் கீழே நகர்த்தக்கூடிய பிளாஸ்டிக் சரிவோ, இரண்டு வழி வால்வு வைத்த பி.வி.சி. குழாயோ போதும். கழுவும் தண்ணீரில் முதல் கழுவலை மட்டும் பிடியுங்கள், அதற்குப் பின் வருவதில் க்ரோம் மெலிந்துவிடும். ரீடேனிங், சாயம், கொழுப்பு ஏற்றும் டிரம் தண்ணீர் ஒரு சொட்டும் இதில் வரக்கூடாது. கடுக்காய், வாட்டில் போன்ற தாவரச் சாறு க்ரோமோடு சேர்ந்து கறுத்துப்போகும். சிண்டான் எனும் செயற்கைப் பதனிடு பொருள்களும் சிட்ரேட், ஆக்சலேட் போன்ற அமில உப்புகளும் க்ரோமைப் பொத்திக்கொள்ளும், பிறகு எவ்வளவு மெக்னீசியா போட்டாலும் ஒரு பகுதி இறங்காமல் பச்சையாகவே நிற்கும்.

பிடித்த தண்ணீர் முதலில் கம்பி வலையில், பிறகு 1 மி.மீ. துளையுள்ள 316 எஃகு வலையில் வடிய வேண்டும். நார், சவ்வு, கொழுப்புத் துணுக்கு எல்லாம் அங்கேயே நிற்க வேண்டும். செம்மறித் தோல் செய்தால் கொழுப்பு அதிகம். ஒரு மூன்று மணி நேரம் அசையாமல் நிறுத்தினால் மேலே படலமாக மிதக்கும், அதை வழித்தெடுங்கள். விட்டுவைத்தால் அதுவே வண்டலைத் தூக்கிக்கொண்டு மிதக்கும், மறுநாள் தெளிவு கிடைக்காது. சிமெண்ட் தொட்டியை அப்படியே பயன்படுத்தாதீர்கள், அமிலமும் சல்பேட்டும் இரண்டு வருடத்தில் பூச்சைத் தின்றுவிடும். எஃப்.ஆர்.பி. (கண்ணாடி இழைப் பிளாஸ்டிக்) பூச்சு வேண்டும். சாதா இரும்பு எங்கேயும் கூடாது. 2 டன்னுக்கு நாளைக்கு 2,500 லிட்டர் தண்ணீர் வரும் என்று கொண்டால், சேமிக்க ஒன்று, வினைக்கு ஒன்று என 3,500 லிட்டர் தொட்டி இரண்டும், கரைக்க 500 லிட்டர் தொட்டி ஒன்றும், எடுத்தது நிற்க ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் டாங்க் ஒன்றும் போதும்.

அடுத்து மெக்னீசியா. ஏன் காஸ்டிக் கூடாது, சோடா உப்பு கூடாது? இரண்டும் சட்டென்று கரைந்து, க்ரோமைச் சளிபோல இறக்கும். பாதித் தொட்டி வரை வண்டலாக நிற்கும், ஃபில்டர் பிரஸ் (அழுத்தி வடிகட்டும் எந்திரம்) இல்லாமல் கையாள முடியாது. காஸ்டிக் கொஞ்சம் கூடிப் பி.ஹெச். 10 தாண்டினால் இறங்கிய க்ரோம் மறுபடி கரையவும் தொடங்கும். மெக்னீசியம் ஆக்சைடு மெதுவாகத்தான் கரையும். அதனால் க்ரோம் அவசரமில்லாமல், கனமான மணலைப்போல இறங்குகிறது. வண்டல் பத்தில் ஒரு பங்குதான் நிற்கும். எவ்வளவு போட்டாலும் பி.ஹெச். 10 பக்கம் வரைதான் போகும், அதற்கு மேல் அதனால் ஏற்ற முடியாது. அமிலத்தில் கரைக்கும்போது வருவது மெக்னீசியம் சல்பேட், அது தண்ணீரில் முழுக்கக் கரையும், ஜிப்சம்போல் நிற்காது.

ஆனால் கடையில் மெக்னீசியா என்று கேட்டால் இரண்டு விதமும் வரும். சேலத்துச் சுண்ணாம்புக் கரட்டில் வெட்டும் மேக்னசைட் கல்லை மிதமான சூட்டில் சுட்டால் கிடைப்பது நமக்கு வேண்டியது. அதையே 1,500 டிகிரிக்கு மேல் சுட்டால் உலைச் செங்கலுக்குப் போகும் செத்த மெக்னீசியா, அது நம் தொட்டியில் மணல்போல அப்படியே கிடக்கும். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. சோதனை எளிது. படிக எலுமிச்சை அமிலம் 28 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். அதில் 100 மி.லி. எடுத்து நான்கு சொட்டு ஃபீனால்ஃப்தலீன் நிறங்காட்டி விட்டு, 2 கிராம் மெக்னீசியாவைப் போட்டுக் கலக்கிக்கொண்டே கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் இளஞ்சிவப்பு வந்தால் முதல்தரம். மூன்று நான்கு நிமிடம் வரை சமாளிக்கலாம். பத்து நிமிடமாகியும் வரவில்லையென்றால் மூட்டையைத் திருப்பி அனுப்புங்கள். நல்ல சரக்கும் மழைக்காலத்தில் திறந்து கிடந்தால் ஈரத்தையும் கரியமில வாயுவையும் குடித்துக் கெட்டுப்போகும். உள்ளே பிளாஸ்டிக் உறை உள்ள மூட்டையாக, ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள்.

அளவு என்ன? கணக்குப்படி 1 கிலோ க்ரோமிக் ஆக்சைடை இறக்க 0.53 கிலோ சுத்தமான மெக்னீசியா. நடைமுறையில் சரக்கின் தூய்மை, வேகம், தண்ணீரில் உள்ள மற்ற அமிலங்கள் எல்லாம் சேர்ந்து 0.7 முதல் 1 கிலோ வரை ஆகும். லிட்டருக்கு 4 கிராம் க்ரோமிக் ஆக்சைடு உள்ள தண்ணீரென்றால் லிட்டருக்கு 3 முதல் 4 கிராம். உங்கள் தண்ணீருக்கு எது என்பதை ஐந்து பாத்திரம் வைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் தண்ணீர், முறையே 2, 2.5, 3, 3.5, 4 கிராம் மெக்னீசியா. இரண்டு மணி நேரம் கலக்கி, ஒரு லிட்டர் அளவுக் குழாயில் ஊற்றி இரவு விட்டுவிடுங்கள். காலையில் பி.ஹெச். 8 முதல் 8.5 வரை இருந்து, மேல்தண்ணீர் பச்சை இல்லாமல் தெளிந்து, வண்டல் 80 முதல் 120 மி.லி. கோட்டில் நின்றால், அப்படி நின்றவற்றில் மிகக் குறைந்த அளவே உங்கள் அளவு.

தொட்டியில் செய்யும்போது மெக்னீசியாவைத் தூளாகத் தூவாதீர்கள், கட்டி கட்டியாக நனைந்து நடுவில் வெள்ளையாகவே நிற்கும். பத்து மடங்கு தண்ணீரில் கரைசலாக்கி அரை மணி நேரத்தில் மெதுவாக விடுங்கள். கலக்கி (கலக்கும் எந்திரம்) வண்டலை அடியில் தங்கவிடாத அளவுக்கு ஓடினால் போதும், சுழி விழும் வேகம் கூடாது, இறங்கிய துகள்மணி உடைந்துபோகும். இரண்டு மூன்று மணி நேரம் ஓட்டுங்கள். இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். ஒரு மணி நேரத்தில் பி.ஹெச். 7 தானே காட்டுகிறது என்று இன்னொரு வாளி மெக்னீசியாவைக் கொட்டுவார்கள். மெக்னீசியா தாமதமாகத்தான் வேலை செய்யும். கலக்கியை நிறுத்தும்போது 8 வந்தால் போதும், விடிவதற்குள் அது 8.5 ஆகிவிடும். கூடுதலாகக் கொட்டியது ஒவ்வொரு கிலோவும் நாளைக்கு இரண்டரைக் கிலோ சல்ஃப்யூரிக் அமிலத்தைத் தின்னும். மார்கழிக் குளிரில் இன்னும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் தானாகவே வேகமாக நடக்கும்.

காலையில் பக்கவாட்டு வால்வுகளை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகத் திறந்து தெளிந்த நீரை வடியுங்கள். அது பொது சுத்திகரிப்பு நிலையத்துக்கோ உங்கள் சொந்த நிலையத்துக்கோ போகட்டும். வெளியே விடும் நீரில் மொத்தக் க்ரோமியம் லிட்டருக்கு 2 மில்லிகிராமும், ஆறு வலுவுள்ள (நச்சு மிகுந்த வகை) க்ரோமியம் 0.1 மில்லிகிராமும்தான் உச்சவரம்பு. ஒழுங்காக இறங்கிய தண்ணீரில் மொத்தம் அந்த 2-க்குள் வந்துவிடும். பச்சை தெரிந்தால் நேரம் போதவில்லை, அல்லது ரீடேனிங் தண்ணீர் எங்கோ கலந்திருக்கிறது.

அடியில் 250 முதல் 300 லிட்டர் வண்டல் கிடக்கும். அதைக் கரைக்கும் தொட்டிக்கு இறக்கி, அன்றைக்கோ மறுநாளோ கரைத்துவிடுங்கள். க்ரோம் ஹைட்ராக்சைடு பழசானால் இறுகும், பிறகு அமிலத்தில் கரைய அடம்பிடிக்கும். சனிக்கிழமை இறக்கியதைச் செவ்வாய் வரை போட்டுவைக்கும் பழக்கம் வேண்டாம். 10 கிலோ க்ரோமிக் ஆக்சைடுக்கு 33 பேசிசிட்டி வரக் கணக்குப்படி 13 கிலோ சல்ஃப்யூரிக் அமிலம், மீந்த மெக்னீசியாவுக்கும் சேர்த்து 18 முதல் 20 கிலோ ஆகும். அமிலத்தை வண்டலில் ஊற்ற வேண்டும், வண்டலை அமிலத்தில் ஊற்றக் கூடாது. தொட்டியின் நடுவில், கலக்கி ஓட ஓட, மெல்லிய தாரையாக விடுங்கள். அடர்ந்த அமிலம் எஃப்.ஆர்.பி. சுவரில் வழிந்தால் பிசின் கருகிவிடும். முகக்கவசமும் ரப்பர் கையுறையும் ஏப்ரனும் இல்லாமல் யாரும் வால்வைத் தொடக்கூடாது, பக்கத்தில் தண்ணீர்க் குழாய் ஓடும் நிலையில் இருக்க வேண்டும். முக்கால் பங்கை அரை மணி நேரத்தில் விட்டு, இரண்டு மணி நேரம் கலக்குங்கள். எழும் சூடு கரைப்புக்கு உதவும், தண்ணீர் ஊற்றி ஆற்றாதீர்கள். பிறகு பி.ஹெச். பார்த்து, அரை லிட்டர் அரை லிட்டராக 2.5 முதல் 2.8 வரை கொண்டுவாருங்கள். ஒரு இரவு நிறுத்தி மறுபடி பாருங்கள். கரையாமல் இருந்த துணுக்கு கரையக் கரைய பி.ஹெச். கொஞ்சம் ஏறும், அதைச் சரிசெய்து, மேல்பகுதியைத் துணியில் வடிகட்டி டாங்கில் ஏற்றுங்கள். அடியில் தங்கும் சேற்றை அடுத்த நாள் வண்டலோடு சேர்க்கலாம், பத்துப் பன்னிரண்டு முறைக்கு ஒருதரம் அதை வெளியே எடுத்துவிட வேண்டும்.

கிடைக்கும் பச்சைக் கரைசலில் லிட்டருக்கு 30 முதல் 40 கிராம் க்ரோமிக் ஆக்சைடு இருக்கும். இருக்கும் என்று நம்பி ஊற்றக் கூடாது, அளக்க வேண்டும். 10 மி.லி. கரைசலை 250 மி.லி.க்கு நீர்த்து, அதில் 25 மி.லி. எடுத்து, காஸ்டிக் போட்டு ஹைட்ரஜன் பெராக்சைடு 10 மி.லி. விட்டுக் கொதிக்க வையுங்கள். பச்சை மாறி மஞ்சளாகும். குமிழி அடங்கும்வரை, குறைந்தது 20 நிமிடம், கொதிக்க வேண்டும். பெராக்சைடு மிச்சமிருந்தால் அளவு தவறாகக் காட்டும். ஆறிய பின் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுப் புளிப்பாக்கி, பொட்டாசியம் அயோடைடு 10 சதவீதக் கரைசல் 10 மி.லி. சேர்த்து, இருட்டில் ஐந்து நிமிடம் வைத்து, 0.1 நார்மல் தயோசல்பேட்டால் டைட்ரேட் செய்யுங்கள், அதாவது சொட்டுச் சொட்டாக விட்டு எவ்வளவு செலவாகிறது என்று பாருங்கள். மஞ்சள் வெளுத்த பிறகு ஸ்டார்ச். நீலம் போய் இளம்பச்சை வரும் இடமே முடிவு. 1 மி.லி. தயோசல்பேட்டுக்கு 2.533 மில்லிகிராம் க்ரோமிக் ஆக்சைடு. எடுத்தது 1 மி.லி. மூலக் கரைசல் என்பதால் வந்த மில்லிகிராம் எண்ணே லிட்டருக்குக் கிராம். 14 மி.லி. செலவானால் 35 கிராம். பிளஸ் டூ அறிவியல் படித்த பிள்ளைக்கு இரண்டு நாளில் இது கைவந்துவிடும். இந்த ஒரு எண் இல்லாமல் மீட்பு நடத்துவது தராசு இல்லாமல் மளிகைக் கடை நடத்துவதுபோல.

டிரம்மில் எப்படிச் சேர்ப்பது? மீட்ட கரைசலின் பி.ஹெச். ஏறத்தாழ பிக்கிளின் பி.ஹெச்.தான். அதனால் பிக்கிளை வடித்துக் குறைத்த பிறகு, தண்ணீருக்குப் பதிலாக இதை முதலில் விட்டு அரை மணி நேரம் ஓட்டி, அதற்குப் பிறகு புதிய பவுடர் போடுவது எளிது. 2 டன்னுக்கு 160 கிலோவில் 40 கிலோவைக் கழித்து 120 கிலோ புதியது. புதியது 70, மீட்டது 30 என்ற விகிதத்தைத் தாண்ட வேண்டாம். முதல் மாதம் லைனிங் (உள்பக்க) தோலிலும் ஸ்பிளிட்டிலும் (தோலைப் பிளந்து எடுத்த அடிப்பகுதி) 10 சதவீதத்தில் தொடங்குங்கள். ஒன்று முக்கியம்: பிக்கிள் நீரின் அடர்த்தியை அளக்கும் பாமே மானி உப்பை மட்டும் காட்டாது, க்ரோமையும் மெக்னீசியம் சல்பேட்டையும் சேர்த்தே காட்டும். அதை நம்பி பிக்கிள் உப்பைக் குறைத்தால் தோல் அமிலத்தில் ஊதிவிடும்.

இனி உங்கள் கறை. திட்டுத் திட்டாகக் கரும்பச்சையாக, தொட்டால் மாவுபோல ஒட்டினால் அது கரையாத ஹைட்ராக்சைடு: இரவு நிறுத்தவில்லை, துணியில் வடிகட்டவில்லை. நீலக் கறுப்பு அல்லது சாம்பல் நிழல் என்றால் இரும்பு: எங்கோ சாதா இரும்புக் குழாயோ போல்ட்டோ கலக்கித் தண்டோ இருக்கிறது. ஃபெர்ரோசயனைடு சொட்டு விட்டால் நீலம் காட்டிக்கொடுத்துவிடும். எண்ணெய்ப் பசையோடு மங்கலாக இருந்தால் கொழுப்பை வழித்தெடுக்கவில்லை. தோல் முழுக்க ஒரே சீராக நிறம் மங்கி அழுக்காகத் தெரிந்தால் ரீடேனிங் தண்ணீர் கலந்திருக்கிறது. மேல்தோல் கரடுமுரடாகி, உள்ளே க்ரோம் போகாமல் நின்றால் அமிலம் போதாமல் பேசிசிட்டி ஏறியிருக்கிறது. இதில் எது என்று உங்கள் கேள்வியில் இல்லை. ஆனால் சாமிங் நீரையும் ரீடேனிங் நீரையும் ஒரே வாய்க்காலில் விடுவதாக எழுதியிருப்பதால் முதலில் அங்கே பாருங்கள்.

பணக் கணக்கு உங்கள் பில்லிலேயே இருக்கிறது. 8 கிலோ மெக்னீசியா, 20 கிலோ அமிலம், கலக்கிக்கு ஆறேழு மணி நேர மின்சாரம், ஒரு ஆளின் அரை நாள். எதிர்ப்பக்கம் 36 முதல் 40 கிலோ க்ரோம் பவுடர், நீங்கள் வாங்காமல் விட்ட சுண்ணாம்பு, அனுப்ப வேண்டியிராத 100 கிலோ வண்டலின் வண்டி வாடகையும் புதைகுழிக் கட்டணமும். இந்த இரண்டு பக்கத்தையும் இன்றைய விலையில் எழுதிப் பார்த்தால் எந்தப் பக்கம் கனக்கிறது என்பது தெரியும். நாளுக்கு அரை டன்னுக்குக் கீழே செய்கிறவர்கள் தனித்தனியாகத் தொட்டி கட்டுவதைவிட, நாலைந்து பேர் சேர்ந்து தண்ணீரைப் பிளாஸ்டிக் டாங்கர் வைத்து ஒரே இடத்துக்குக் கொண்டுபோவதே சரி. அப்போதும் ஒவ்வொருவர் தண்ணீரையும் ஏற்றும் முன் ஒரு குவளை எடுத்துப் பார்க்க வேண்டும். ஒருவர் விட்ட சாயத் தண்ணீர் எல்லோர் சரக்கையும் கெடுக்கும்.

இதனால் தீராத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். தண்ணீரில் உள்ள உப்பு இதில் குறையாது. வடித்த தெளிந்த நீரில் பிக்கிள் உப்பும் சல்பேட்டும் அப்படியே இருக்கும். க்ரோம் போன தண்ணீர் நல்ல தண்ணீர் என்று வயலுக்கு விட்டுவிடக் கூடாது. பாலாறு குப்பம் வழியாக ஆந்திரத்தைக் கடந்து வாணியம்பாடிப் பக்கம் நுழைந்து ஆம்பூரைத் தாண்டும்போது இரண்டு கரையின் கிணறுகளும் எப்படி உவர்ந்தன என்பது இந்த ஊர்க்காரர்கள் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது இந்த மாவட்டத்து வழக்கில்தான். உப்புக்குத் தனி வழி வேண்டும், அது உப்பைச் சவ்வில் பிரிக்கும் ஆர்.ஓ.வும் ஆவியாக்கியும் உள்ள நிலையத்தின் வேலை.

ஏற்றுமதிக்குத் தோல் கொடுப்பவர்களுக்கு ஒரு பயம் உண்டு: மீட்ட க்ரோமால் தோலில் ஆறு வலுவுள்ள க்ரோமியம் வந்துவிடுமோ என்று. ஐரோப்பாவில் 2015 மே முதல் தோலில் அது கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொடக்கூடாது. இங்கே சொன்ன முறையில் க்ரோமியம் தொடக்கம் முதல் கடைசிவரை மூன்று வலுவிலேயேதான் இருக்கிறது. தோலில் ஆறு வருவது பெரும்பாலும் பின்னால்: நியூட்ரலைசிங்கில் (தோலின் அமிலத்தைக் குறைக்கும் கட்டம்) பி.ஹெச். மிஞ்சுவதாலும், சில மீன் எண்ணெய்க் கொழுப்புகளாலும், வெயிலிலும் வெப்பத்திலும் கிடப்பதாலும். ஆனால் மீட்புத் தொட்டியில் நாற்றத்துக்காகப் பிளீச்சிங் பவுடர் தூவுவதோ பெராக்சைடு விடுவதோ கூடவே கூடாது. காரத்தில் அவை க்ரோமை ஆறு வலுவுக்குத் தள்ளிவிடும். சந்தேகம் வந்தால் டைபீனைல்கார்பசைடு சொட்டுச் சோதனை செய்யுங்கள், ஊதா வந்தால் தொட்டியை நிறுத்துங்கள்.

தோலின் கனத்தைச் சீராக்கச் சீவும்போது விழும் ஷேவிங் தூள் வேறு கதை. அதில் உலர் எடையில் 3 முதல் 4 சதவீதம் க்ரோமிக் ஆக்சைடு உண்டு. மெக்னீசியாவும் என்சைமும் சேர்த்து வேகவைத்தால் ஜெலட்டினும் க்ரோம் பிண்ணாக்கும் தனித்தனியாக வரும். உங்கள் அளவுக்கு அது பொருந்தாது, லெதர் போர்டு செய்பவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக அந்தப் பழைய மூட்டைகள். அவற்றைச் செங்கல் சூளைக்குக் கொடுக்காதீர்கள், எரிக்காதீர்கள், பள்ளத்தில் நிரப்பாதீர்கள். க்ரோமும் சுண்ணாம்பும் ஒன்றாகக் காற்றுபடச் சூடேறினால் உண்டாவது குரோமேட், அதாவது ஆறு வலுவுள்ள க்ரோமியம். ராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலையில் தாதுவை அப்படிச் சுட்டு எடுத்தபின் கொட்டிய சக்கை, லட்சம் டன்னுக்கு மேல் குவிந்து கிடக்கிறது, மழை பெய்தால் மஞ்சளாக ஒழுகும். 2016 அபாயகரக் கழிவு விதிகளின்படி மூட்டைகளை வளாகத்தில் 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதியில் உள்ள அளவைச் சரிபார்த்து, கழிவோடு போகும் சீட்டான படிவம் 10 எழுதி, அனுமதி பெற்ற வண்டியில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உள்ள பாதுகாப்பான புதைகுழிக்கு அனுப்புங்கள். அதுவரை கூரைக்குக் கீழே, தரையில் பிளாஸ்டிக் தாள் விரித்து, சுற்றிலும் ஒரு சாண் உயரக் கட்டு வைத்து அடுக்குங்கள். ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிட வேண்டிய வேலை இது.